அரை விரலுக்கு அளந்த பிடி

கத்தியைக் காட்டி என்னை அழவைத்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கத்தியைக் காட்டித் தானே அழுதவர் அந்த அம்மா ஒருவர்தான்.

எங்கள் அலுவலகம் டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறை. துப்பறிவது என் அண்ணி. சுங்க இலாகாவில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பெட்டியைக் கிளறிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் பிரச்சினையைக் கிளறுகிறவர். நான் அவருடைய கொழுந்தன். என் விசிட்டிங் கார்டில் 'இணைத் துப்பறிவாளர்' என்று இருக்கும். வந்தவர்களிடம் அண்ணி என்னை, "வண்டி ஓட்டுவான், வாயும் ஓட்டுவான்" என்று அறிமுகம் செய்வார்.

அந்த அம்மா மரக்கன்றுத் தோட்டம் வைத்திருப்பவர். ஒரு செடியின் குருத்தை இன்னொரு செடியில் வெட்டிச் சேர்த்து ஒட்டுக் கட்டுவது தொழில். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் மண், சேலையில் இலைச்சாறு. மேஜை மேல் ஒரு மடக்குக்கத்தியை வைத்தார்.

நான் விரித்துப் பார்த்தேன். அலகின் முனை சதுரமாக, மொக்கையாக இருந்தது.

"என்ன அண்ணி இது, பல்செட்டைக் கழட்டி வெச்ச கத்தி மாதிரி இருக்கு?"

"கடல்ல வேலை செய்யறவங்க கத்திடா அது. ஆடற படகுல கூர்முனை வெச்சிருந்தா, கயிறுக்குப் பதிலா பக்கத்துல நிக்கறவன் வயித்தைத்தான் வெட்டும். பேசறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல. இருந்தாலும் முயற்சி பண்ணிப் பாரு."

"பாதிதாங்க சரி" என்றார் அந்த அம்மா. "அலகைத் திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம்தான் சாணை பிடிச்சிருக்கு. மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டை. அது ஒட்டுக் கட்டற கத்தி. பிடிக்குப் பின்னாடி பித்தளை நாக்கு இருக்கு பாருங்க, மரப்பட்டையை நெம்பறதுக்கு. அதுவும் எங்க கத்தியில வர்றதுதான். மொக்கை முனையும், கயிறு கோக்கற அந்த வளையமும் மட்டும் துறைமுகத்துக் கத்தியில வர்றது."

"ரெண்டையும் யாராவது ஒண்ணா செய்வாங்களா?"

"செய்ய மாட்டாங்க. என் வீட்டுக்காரர் துறைமுகத்துல வலை தைக்கறவர். நாங்க பிரிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒரே பிடியில வைக்கணும்னு இந்த உலகத்துல ஒருத்தனுக்குத்தான் தோணும்."

"யாருக்கு?"

"என் பையனுக்கு."

அந்தக் கத்தி நான்கு நாள் முன்பு தபாலில் வந்திருக்கிறது. பெறுநர் இடத்தில் அந்த அம்மாவின் பெயர். அனுப்பியவர் பெயர் இல்லை. பையன் போய் மூன்று வருடம்.

"மார்ச் பதினொண்ணு" என்றார். "அப்பாகிட்டப் போய்ப் படகு வேலை கத்துக்கறேன்னான். போறதுன்னா ஒரேயடியாப் போ, இந்த வாசலுக்குத் திரும்பி வராதேன்னேன். நான் சொன்னதை அவன் ஜென்மத்துல ஒரு தடவைதான் கேட்டிருக்கான். அதுதான் அது. கொஞ்ச நாள்ல, தூரத்துப் படகு ஒண்ணுல ஏறிட்டான், எங்கேன்னு தெரியலைன்னு அவங்கப்பா ஆள் விட்டுச் சொன்னார். அவ்வளவுதான்."

அண்ணி கத்தியை அவரிடம் நீட்டினார். "பிடிச்சுக் காட்டுங்கம்மா."

அவர் இடது கையில் வாங்கினார். அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. பிடியில் அந்த இடத்தில் மட்டும் மரம் மேடாக எழும்பி, விரல் முடிகிற இடத்துக்கு வந்து அதைத் தாங்கிக்கொண்டது. கதவும் நிலையும் பொருந்துகிற மாதிரி பொருந்தியது.

"இது போய் ஒண்ணரை வருஷம்தான் ஆகுது. குச்சி அரைக்கற மெஷின். பையன் போனது அதுக்கு முன்னாடி. அப்புறம் எப்படிங்க அவனுக்குத் தெரியும்? வந்து பார்த்திருக்கான்." குரல் கீழே இறங்கியது. "என் கையுறையில அந்த ஒரு விரலை மடிச்சு, கோணல்மாணலா நானே தைச்சு வெச்சிருந்தேன். அஞ்சாறு மாசம் முன்னாடி பட்டறைக்கு வெளியில ஆணியில மாட்டினது காணாமப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே ஆணியில தொங்குது. என் தையலைப் பிரிச்சுட்டு யாரோ நேராத் தைச்சிருக்காங்க. கோபம் இன்னும் தீரலை அவனுக்கு. ஆனா வந்துட்டுப் போறான்."

கையுறையையும் கொண்டுவந்திருந்தார். மெழுகு தடவிய கறுப்பு நூல். எறும்பு வரிசை மாதிரித் தையல்.

"பையன் உயிரோட இருக்கானான்னு கண்டுபிடிக்கணும், அப்படித்தானேம்மா?" என்று கேட்டேன்.

"அதை யார் கேட்டா? இருக்கான். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியது. "சந்தோஷமான கேஸ் மாதிரி இருக்குல்ல?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"அதான் எனக்குப் பிடிக்கல."

அலகின் அடியில் கடுகளவு மீன்கொத்தி முத்திரை ஒன்று இருந்தது. சுங்கத்து நண்பர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்ததில், நாலு மணி நேர வண்டி ஓட்டத்தில் ஒரு கத்திக்காரர் இருப்பது தெரிந்தது. போன் வைத்துக்கொள்ளாதவர். கடிதம் போட்டால் பதில் வரும், அதுவும் அவருக்குத் தோன்றினால்.

மறுநாள் காலை அவர் பட்டறையில் இருந்தோம். சாணைக்கல், தண்ணீர்த் தொட்டி, பெரியதிலிருந்து சின்னதாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும் அரங்கள். கத்திக்காரர் வணக்கம் சொல்வதற்குப் பதில் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலை அமுக்கினார்.

"இந்தக் கைக்குக் கத்தி எதுக்கு? ஸ்பூன் போதும்."

"நாங்க வாங்க வரலை" என்று அண்ணி கத்தியை எடுத்து வைத்தார்.

அவர் முகம் மாறியது. பெற்றவன் முகம். "நம்பர் இருநூத்திப் பதினாலு. என் உயிரை எடுத்த கத்தி. ஒரு பக்கச் சாணைக்கு அலகு மெல்லிசா இருக்கணும். கயிறு வெட்டணும்னா தடியா இருக்கணும். ரெண்டும் ஒண்ணுல வேணுமாம். மூணு அலகு உடைஞ்சுது. நாலாவதுதான் இது. எங்கேயாவது நெளிஞ்சுபோச்சா?"

"அருமையா இருக்கு. ஆர்டர் யார் கொடுத்தது, எப்போன்னு தெரியணும்."

"வாங்கினவங்க பேரை நான் வெளியில சொல்றதில்ல."

"அவனைப் பெத்தவங்க கேக்கறாங்க" என்றார் அண்ணி. வேறு எதுவும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் அண்ணி பேசாமல் இருப்பதற்கே தனியாகக் கட்டணம் வாங்கலாம்.

கத்திக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். முதல் தாள் பையனுடைய கடிதம். கூடவே இடது கை ஒன்றின் படம், பென்சிலில், காகிதத்தில் அம்மாவின் கையுறையை வைத்து வரைந்தது. ஐந்து விரலும் முழுதாக. தேதி, மூன்று வருடம் முந்தைய மார்ச் இருபது. கத்தி தயாரானதும் அம்மா விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தான்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "மூணு வருஷமா ஒரு கத்திக்கு?"

"எனக்கு முன்னால நூறு பேர் நிக்கறாங்க தம்பி. நான் ஒருத்தன்தான்."

"முறை வர்றதுக்குள்ள பாதிப் பேர் போய்ச் சேர்ந்துடுவாங்களே."

"ஆமா" என்றார், சிரிக்காமல். "அதுக்குத்தான் வேலையைத் தொடங்கும் முன்னாடி எல்லாருக்கும் ஒரு கடுதாசி போடுவேன். உங்க முறை வந்தாச்சு, இன்னும் வேணுமா, கை ஏதாவது மாறியிருக்கான்னு கேட்டு. வயசானா கணு வீங்கும். சிலருக்கு நடுக்கம் வரும். மூணு வருஷத்துல மனுஷன் கை அப்படியே இருக்காது."

"அப்போ இது பழைய ஆர்டர் அண்ணி. கோபிச்சுக்கிட்டுப் போனதும் கொடுத்தது. அவன் இப்போ எங்கேன்னு இது சொல்லாது."

"ஆர்டர் பழசு. விரல் எப்படிப் புதுசு?" என்றார் அண்ணி.

கத்திக்காரர் இரண்டாவது தாளை எடுத்து வைத்தார். போன அக்டோபர் தேதி. 'வேண்டும். இடது ஆள்காட்டி விரல் பாதிதான் இப்போது. அளவு இத்துடன்.' கீழே பையனுடைய பெயர்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பையன் போன அக்டோபரில் கடிதம் எழுதியிருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அந்த அம்மா சரி, நாங்கள்தான் சந்தேகப் பிராணிகள். வழியில் இனிப்புக் கடை எங்கே இருந்தது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அண்ணி உட்கார்ந்தே இருந்தார். "அளவு இத்துடன்னு போட்டிருக்கே. எங்க?"

உறையைக் கவிழ்த்தார் கத்திக்காரர். ஒரு முழத்துக்குக் குறைவான கறுப்புக் கயிறு விழுந்தது. நெடுக முடிச்சு. "ஒவ்வொரு முடிச்சும் ஒரு விரல். கடைசி முடிச்சு உள்ளங்கை அகலம். இப்படி அளவு வந்தது எனக்கு இதான் முதல் தடவை. ஆனா மயிரிழை தப்பில்ல."

அண்ணி பென்சில் படத்தையும் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரு ஆள் ரெண்டு தடவை அளந்தா, ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் அளப்பான். பேர் பையனோடது. முடிச்சு வேற யாரோடதோ."

"மூணு வருஷம் படகுல இருந்தவன் அண்ணி. முடிச்சுப் போடக் கத்துக்கிட்டிருப்பான்."

"கத்துக்கிட்டிருக்கட்டும்" என்றார். அவர் இப்படி ஒருவரை வாழ்த்தி நான் கேட்டதில்லை. கத்திக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு கடிதத்தையும் போனில் படம் எடுத்தார். கயிற்றை இரவல் வாங்கிக்கொண்டார். பையனுடைய கடிதத்தை மட்டும் கடைசிவரை படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னவென்று கேட்டேன். தூசி என்றார். அந்தப் பட்டறையில் இரும்புத்தூள் இல்லாத இடமே இல்லை என்பதால் நம்பினேன்.

மதியம் துறைமுகத்தில் இருந்தோம். வலைக்கொட்டகையைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பக்கம் போய் எந்த ஆளைக் கேட்டாலும் மூக்கைக் காட்டி வழி சொல்வார்கள். மீன்வாடையும் தாரும். தரை முழுக்க வலை, அதன் நடுவே ஸ்டூலில் ஒல்லியாக ஒருவர். கையில் மர ஊசி. பக்கத்தில் ஒரு கித்தான் பை தொங்கியது. அதன் ஓரத்தில் மெழுகு தடவிய கறுப்பு நூல், அதே எறும்பு வரிசை மாதிரித் தையல்.

அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்புக் கடை என் மனசிலிருந்து மெதுவாகக் கதவை மூடிக்கொண்டது.

அண்ணி கயிற்றை அவர் முன்னால் நீட்டினார். வலைக்காரர் அதைப் பார்த்தார். யார், என்ன, எங்கிருந்து என்று எதுவும் கேட்கவில்லை.

"பிடி சரியா உட்கார்ந்துச்சா?" என்றார்.

எத்தனையோ திருடர்கள் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு ஒப்புதல் கேட்டதில்லை.

"உட்கார்ந்துச்சு" என்றார் அண்ணி. "அளவெடுத்தது பையன்னு நெனச்சு அழுதாங்க."

வலைக்காரர் ஊசியைக் கீழே வைத்தார்.

"எப்போ?" என்று கேட்டார் அண்ணி.

"அந்த ஏப்ரல்லயே. வேற துறைமுகம். படகு கட்டற கயிறு இழுவை தாங்காம அறுந்து அடிச்சுது. சேதி வந்து நான் போய்ச் சேர ரெண்டு நாள். அங்கேயே அடக்கம் பண்ணிட்டு வந்தேன். இருபத்தோரு வயசு."

கடற்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு வியாதி. அன்றைக்கு அது குணமாகியிருந்தது.

"ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"அவ என்ன சொல்லி அனுப்பினான்னு பையன் என்கிட்ட சொன்னான். திரும்பி வராதேன்னு. அந்தப் பொம்பளைகிட்டப் போய், நீ சொன்ன மாதிரியே வராமப் போயிட்டான்னு எந்த வாயால சொல்றது? எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கு மேடம். ஒரு கூரைக்குக் கீழ எங்களால ஒரு வேளை சாப்பிட முடியாது. அதுக்காக அவளை அப்படிக் கொல்லணுமா? எங்கேயோ இருக்கான், கோபமா இருக்கான்னு நெனச்சுக்கிட்டா, திட்டறதுக்காவது அவளுக்கு ஒரு புள்ள இருப்பான்."

அக்டோபரில் கத்திக்காரரின் கடிதம் பையன் பெயருக்கு இங்கே வந்திருக்கிறது. மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தாராம்.

"பிரிச்சா, உங்க முறை வந்தாச்சுன்னு எழுதியிருக்கு. இல்லாதவனுக்கு முறை வந்திருக்கு. வேண்டாம்னு எழுத உட்கார்ந்தேன். கை வரல. அவன் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள்ல மீதி இருக்கறது அது ஒண்ணுதான்."

"அது சரிங்க" என்றேன் நான். "வேணும்னு மட்டும் எழுதிட்டு விட்டிருக்கலாமே. பழைய அளவுதான் அவர்கிட்ட இருந்ததே. யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. தோட்டத்துக்குப் போய்க் கையுறையைத் திருடி, அளந்து, திருப்பி மாட்டி, இவ்வளவு எதுக்கு?"

வலைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கத்திக்காரர் என் கட்டைவிரலைப் பார்த்த அதே இரக்கம் இருந்தது.

"முழு விரலுக்குச் செஞ்ச பிடி அரை விரலுக்கு வழுக்கும் தம்பி. ஒட்டுக்கத்தி சவரக்கத்தி மாதிரி. மிச்ச விரலையும் எடுத்துடும். விரல் போனதைச் சந்தையில யாரோ பேசிக் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே தப்பான பிடியை அவ கையில கொடுக்கச் சொல்றீங்களா?"

"அந்தத் தையலை வேற பிரிச்சுத் தைச்சிருக்கீங்க."

"கண்றாவியாத் தைச்சிருந்தா" என்றார். அவ்வளவு துக்கத்திலும் அவருக்கு அது பொறுக்கவில்லை.

பொய் சொல்கிறவன் தேவைக்கு மேல் ஒரு வேலையும் செய்ய மாட்டான். இவரால் அது முடியவில்லை. மூன்று வருடம் ஊர் அறியாமல் காத்த ரகசியத்தை ஒரு முழக் கயிறும் நாலு அங்குலத் தையலும் காட்டிக்கொடுத்துவிட்டன.

அவர் அண்ணியின் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "உங்களால முடியும் மேடம். அவன் எங்கேயோ நல்லா இருக்கான்னு சொல்லிடுங்க. வெளிநாடுன்னு சொல்லுங்க. அவ நம்புவா. அவ திட்டினதோட போயிட்டான்னு மட்டும் தெரிய வேண்டாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். எனக்கு ஆமோதிக்கத்தான் தோன்றியது. ஒரு பொய்தானே. நான் தினமும் அதைவிடப் பெரியதாகச் சொல்கிறேன், அதுவும் அண்ணியிடம்.

அண்ணி போனை எடுத்து அந்த முதல் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் கொடுத்தார். "அவன் வீட்டை விட்டு வந்தது பதினொண்ணு. இதை எழுதினது இருபது. உங்க வீட்ல இருந்து எழுதியிருக்கான். கடைசி ரெண்டு வரியைப் படிங்க."

அவர் உதடு அசைய மெதுவாகப் படித்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். உருண்டை உருண்டையான எழுத்து.

'மூன்று வருஷம் ஆகும் என்று கேள்விப்பட்டேன், பரவாயில்லை. அம்மாவுக்குக் கோபம் இறங்க எப்படியும் அவ்வளவு நாள் ஆகும், அதற்குள் நானே நாலு தடவை போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.'

வலைக்காரர் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போனைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு வலை முழுக்க அவர் காலடியில் கிடந்தது. நான் அதன் கண்களை எண்ணத் தொடங்கினேன், பார்க்க வேறு இடம் இல்லாததால்.

"கோபத்துல சாகலைங்க அவன்" என்றார் அண்ணி. "அது அவங்களுக்குத் தெரியணும். அதைச் சொல்லணும்னா இதையும் சொல்லியாகணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சொல்ல முடியாது."

"நீங்க சொல்லிடுங்களேன்."

"கடுதாசியை நான் காட்டறேன். மத்தது உங்களோடது."

அவர் எழுந்து முகம் கழுவினார். சட்டை மாற்றினார். கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

வண்டியைத் தோட்டத்துக்குத் திருப்பினேன். அவர் பின் சீட்டில் ஓரமாக, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டது போல உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த அம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். முதலில் அண்ணி இறங்கினார். நான் போய்ப் பின் கதவைத் திறந்தேன். வலைக்காரர் இறங்கி நின்றார்.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்து பதினோரு வருடத்தில் அந்த மனிதர் இந்த வாசலுக்கு வந்ததில்லை. அவர் வந்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அந்த முகம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அந்த நொடியே அந்த முகத்தில் இருபது வயது குறைந்தது. கணவரை அவர் பார்க்கவே இல்லை. நான் பிடித்துக்கொண்டிருந்த கதவைத்தான் பார்த்தார்.

"இறங்கச் சொல்லுங்க தம்பி" என்றார் என்னிடம், ரகசியம் மாதிரி. "நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

எனக்கு அந்தக் கதவைச் சாத்தத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டே நிற்கவும் தெரியவில்லை.

வலைக்காரர் வாயைத் திறந்தார். பையன் பெயரில் முதல் எழுத்து மட்டும் வெளியே வந்தது.

அந்த அம்மா நடந்து வந்தார். என்னைத் தாண்டி, குனிந்து, வண்டிக்குள் பார்த்தார். ஒரு தண்ணீர் பாட்டிலும் என்னுடைய பழைய செய்தித்தாளும் கிடந்தன. அவ்வளவுதான். ஆனாலும் அவர் வெகுநேரம் பார்த்தார், சீட்டுக்குக் கீழேகூட. உள்ளே தலையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்ப?"

வலைக்காரர் சொன்னார்.

அந்த அம்மா நிமிர்ந்தார். என் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு, அவரே அதைச் சாத்தினார். சரியாக விழவில்லை. மறுபடி திறந்து, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாத்தினார்.